நிலாத்தாமரை விழுந்த கிணறு

விளக்குத் திருவிழா நாட்களில் லூகாங் பக்கம் லியென்சூ தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் தாய்சோங்கில் குடியேறிய பிறகு புத்தாண்டுக்கு ஒரு நடை வருவாள், மாட்சு அம்மன் கோயிலில் ஊதுவத்தி ஏற்றுவாள், முழுநிலா நாள் நெருங்குவதற்குள் பஸ் ஏறிவிடுவாள். ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பிரிவை மேற்பார்வை பார்க்கிற வேலை அவளுக்கு. நோயாளிகளின் விரிப்புகளில் படிகிற எதைப் பார்த்தும் அவள் முகம் சுளித்ததில்லை. திருவிழாக் கூட்டம் விட்டுப்போகிற அசிங்கத்தைக் கண்டால் மட்டும் அவளுக்கு வயிறு புரண்டுவிடும்.

இந்த வருடம் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. மகள் யீஜென்னுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெங் அம்மாள் தைப்பேயில் பிறந்து தைப்பேயிலேயே வளர்ந்தவள். பழைய ஊர், செங்கல் சந்து, சிவப்பு விளக்கு என்றால் அவளுக்கு உயிர்.

"சம்பந்தியம்மா, உங்க ஊர நீங்கதான் எனக்குச் சுத்திக் காட்டணும்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

"அம்மா, ஒரே ஒரு நாள்" என்றாள் யீஜென். "ஒரு நாளைக்கு மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்காம இரேன். உனக்குக் கோடி புண்ணியம்."

அப்படித்தான் அன்று மத்தியானம் நால்வரும் லூகாங்கில் வந்து இறங்கினார்கள். இறங்கியதுமே சின்னஞ்சிறுசுகள் இரண்டும் சிப்பி முட்டை அடை தின்கிறோம் என்று கையைக் கோத்துக்கொண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டன. லியென்சூவும் பெங் அம்மாளும் மட்டும் மிஞ்சினார்கள்.

பன்றி ஆண்டு என்பதால் கோயில் எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பன்றி விளக்கை நிறுத்தியிருந்தார்கள். காற்றடைத்த ரப்பர் துணி. எங்கோ கிழிந்து, பன்றியின் வயிறு மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. வறுத்த கோழித் துண்டைத் தின்று முடித்த ஒரு ஆள் எண்ணெய்க் கையைப் பன்றியின் காலில் அழுத்தித் துடைத்தான். சுற்றிலும் எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பன்றி விளக்குகள். ஒவ்வொன்றும் ஒரே பாட்டை வேறு வேறு இடத்தில் தொடங்கிக் கத்தியது. சாக்கடையோரம் குச்சிகளும் குழம்பு வழியும் காகிதக் கிண்ணங்களும் குவிந்து கிடந்தன. நாற்றத் தோஃபுவின் வாடையோடு, செங்கல் சுவர் ஒன்றின் மறைவிலிருந்து மூத்திர வாடையும் கலந்து வந்தது.

"என்ன ஒரு உயிர்ப்பு பாருங்க!" என்றாள் பெங் அம்மாள்.

"ஆமாங்க. உயிர்ப்புதான்" என்று சொல்லிவிட்டு லியென்சூ மூச்சை வாயால் விடத் தொடங்கினாள்.

பெங் அம்மாள் எதையும் விடவில்லை. சேற்று இறால் பொரியலைத் தலையோடு கடித்து, விரலைச் சப்பினாள். தாடையில் ஒட்டிய குழம்பைத் துடைக்கும்படி லியென்சூ மூன்றாவது முறையாகக் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். பிறகு, நல்ல நாளும் அதுவுமாகச் சம்பந்திகள் இருவரும் ஒரே கடையில் எள்ளுருண்டைக் கஞ்சி சாப்பிட்டே ஆக வேண்டும் என்றாள் பெங் அம்மாள். கடைக்காரி கிண்ணங்களை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. லியென்சூ தன் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் யாருடைய உதட்டுச் சாயமோ இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு, மறுபக்க விளிம்பில் வாயை வைத்து, உருண்டைகளை மெல்லாமல் முழுங்கினாள்.

மார்பு உரசும் சந்து என்று பேர்போன ஒடுக்கமான சந்தின் வாசலில் வரிசை நின்றது. எதிரெதிரே ஒரு ஆணும் பெண்ணுமாக நுழைந்து நடுவில் சிக்கிக்கொள்வதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, நீங்க நுழைஞ்சா சந்துதான் கர்ப்பமாகும்!" என்று ஒருவன் தொந்திக்காரர் ஒருவரைப் பார்த்துக் கத்த, வரிசையே வெடித்துச் சிரித்தது. பெங் அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு அந்தச் சந்து வழியாக ஓடியபோது, எதிரே வந்த மளிகைக்காரன் வேண்டுமென்றே ஒதுங்காமல் நின்றது லியென்சூவுக்கு ஞாபகம் வந்தது. அவளால் சிரிக்க முடியவில்லை.

"சரி, இப்ப முக்கியமான இடம்" என்றாள் பெங் அம்மாள். "காதல் கிணறு. வீடியோல பாத்தேன். அந்தக் கதையக் கேட்டு என் தங்கச்சி அழுத அழுகை இருக்கே! பசங்க பேர எழுதி அங்க விளக்குக் கட்டினா குடும்பம் பிரியாதாம்."

"இங்க அப்படி ஒரு கிணறு கிடையாதுங்களே."

"உங்களுக்கே தெரியலையா? போன வருஷத்துல இருந்துதான் பேர் வாங்கியிருக்காம். அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க."

இதய வடிவில் வெட்டிய சிவப்பு அட்டைகள் சுவரில் வழி காட்டின. லியென்சூ அவற்றின் பின்னால் போனாள். கோயில் பின்புறம், பிறகு இடது கை, பிறகு வளைந்து போகிற ஒரு சந்து. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நடை குறைந்தது. கடைசித் திருப்பத்தில் நின்றேவிட்டாள். எதிரே இருந்தது அவள் அப்பாவின் வீடு.

அப்பா இறந்த பிறகு அது பூட்டிக் கிடந்த வீடு. அண்ணன் சோங்யாவ் முந்தின வருடமே போனில் கேட்டிருந்தான்: "திருவிழா சமயத்துல முன்கூடத்துல சின்னதா ஒரு டீக்கடை போட்டுக்கட்டுமா? வீடும் காத்தாட இருக்கும்." போட்டுக்கொள் என்று அவள்தான் சொன்னாள். டீக்கடை என்றுதான் நினைத்தாள்.

வாசலில் பிதுங்கிய கூட்டத்தோடு பெங் அம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். முற்றம் முழுக்கச் சிவப்பு விளக்குகள். நடுவில் கிணறு. கைப்பிடிச் சுவருக்கு ரோஜா நிறம் பூசியிருந்தார்கள். மேலே ஒரு வளைவு. அதில் நீளக் கூந்தலும் வெள்ளை உடையுமாக ஒரு பெண்ணின் படம். வளைவு நெடுகச் சின்னச் சின்னக் காகித விளக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு பேர்கள். பக்கத்து மேசையில் 'காதல் கிணற்று நீர்' என்று எழுதிய கண்ணாடி பாட்டில்கள் அடுக்கியிருந்தன. ஒரு பையன் தன் காதலியின் வாயில் பாட்டிலைச் சரித்துக்கொண்டிருக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

கிணற்று மேடையில் ஏறி நின்றவன் சோங்யாவ். நீல நிற நீள அங்கி, கறுப்புத் தொப்பி, கையில் ஒலிபெருக்கி. தங்கையை அவன் கவனிக்கவில்லை.

"நூறு வருஷத்துக்கு முந்தி இந்த வீட்டுல ஒரு வியாபாரியோட மக இருந்தா. பேரு யுவேலியென். நிலாத்தாமரை!" அவன் குரல் குழைந்தது. "துறைமுகத்துக்கு வந்த ஒரு மாலுமிகிட்ட மனசக் குடுத்தா. விளக்குத் திருவிழாவுக்குத் திரும்பி வந்துடுறேன்னு சொல்லிட்டுக் கப்பல் ஏறினான். ஊரே விளக்கெடுத்துக்கிட்டுப் போகுது. இவ மட்டும் இந்தக் கெணத்தடியில காத்திருக்கா. உள்ள எட்டிப் பாக்குறா... நிலாவுக்குப் பக்கத்துல அவன் முகம்! 'வந்துட்டீங்களா?'ன்னு கேட்டுக்கிட்டே..." இங்கே அவன் குரல் உடைந்தது. "...இறங்கிப் போயிட்டா."

முற்றத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. பெங் அம்மாளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் முன்னாலேயே ஒரு விளக்கு வாங்கி, மகன் பேரையும் யீஜென் பேரையும் எழுதி, வளைவில் கட்டியிருந்தாள்.

மாலுமி இல்லை. காத்திருப்பும் இல்லை. அந்த முற்றத்தில் நடந்ததை அப்பா தன் பிள்ளைகள் இருவருக்கும் சொன்ன நாளில், சோங்யாவ்தான் எழுந்துபோய் வாசற்படியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். அதே சோங்யாவ் இப்போது அங்கியின் கைநுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "ஐயா, அவ பேரு நிஜமாவே நிலாத்தாமரையா? எவ்வளவு அழகான பேரு!"

"நிஜமா! இந்த வீட்டுப் பெரியவங்க வாயால கேட்ட பேரும்மா."

"போங்சீ" என்றாள் லியென்சூ.

தான் பேசுவோம் என்று அவளே நினைக்கவில்லை. தலைகள் திரும்பின. அண்ணன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். ஒலிபெருக்கி தாழ்ந்தது.

"அவ பேரு போங்சீ. 'கிடந்துட்டுப் போகட்டும், வளத்து வைப்போம்'னு அர்த்தம். பொண்ணு வேண்டாம்னு நினைக்கிற வீட்டுல வைக்கிற பேரு. அவ இந்த வீட்டு மக இல்ல. எங்க தாத்தா வாங்கிட்டு வந்த பொண்ணு. பின்னால பையனுக்குக் கட்டி வைக்கலாம்னு சின்னதுலயே வாங்கி, அதுவரைக்கும் வேலை வாங்குவாங்களே, அப்படி. அந்தப் பையன்தான் எங்கப்பா."

"லியென்சூ!" என்றான் சோங்யாவ். "ஜனங்க முன்னாடி என்னது இது? உள்ள வா, பேசிக்கலாம்."

"ஜனங்க முன்னாடி நீ பேசினேல்ல?" அவள் நகரவில்லை. "ஜப்பான்காரன் ஆண்ட காலம். தாத்தாவுக்கு வேற பெரிய இடத்துச் சம்பந்தம் வந்துச்சு. இவ தேவைப்படல. தெக்க ஒரு துறைமுகத்துல சாராயக் கடைக்கு இவள வித்துட ஏற்பாடு பண்ணிட்டாங்க. திருவிழா முடிஞ்சதும் கூட்டிட்டுப் போக ஆள் வருவான்னு அவ காதுல விழுந்துச்சு. எல்லாரும் விளக்குப் பாக்கப் போனாங்க. வீட்டுக்குக் காவல் அவ. மறுநாள் காலையில வாளியில தண்ணியோட ஒரு செருப்பு வந்துச்சு."

யாரும் அசையவில்லை. பேச்சை நிறுத்த லியென்சூவாலும் முடியவில்லை.

"எங்கப்பாவுக்கு அப்ப பத்து வயசு. வீட்டுல ஒல்லி அவருதான். இடுப்புல கயிறு கட்டி அவரத்தான் உள்ள இறக்கினாங்க. ராத்திரி அவருக்குப் போர்த்திவிட்ட அக்கா அவ. அவ அக்குள்ல கயித்த முடிபோடச் சொல்லி மேல இருந்து தாத்தா கத்தியிருக்காரு. அப்புறம் தண்ணிய இறைச்சுக் கொட்டி, சுண்ணாம்பு போட்டு, பூசாரிய வரவழைச்சு ஓதிட்டு, மறுபடி இதே தண்ணியத்தான் குடிச்சாங்க. வேற கெணறு வெட்ட மனசில்ல. நானும் குடிச்சு வளந்தேன். இந்தா நிக்கிறாரே, இவரும் குடிச்சாரு."

பாட்டிலை வாயில் வைத்திருந்த பெண் அதை மெல்லக் கீழே இறக்கினாள்.

இப்போதாவது வெட்கப்படுவார்கள் என்று லியென்சூ நினைத்தாள். பேசாமல் விளக்குகளை அவிழ்த்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தாள். முன்வரிசைப் பெண் போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி அவளிடம் வந்தாள். கண்கள் பளபளத்தன.

"அக்கா, செமையா சொன்னீங்க! எனக்குப் புல்லரிச்சுடுச்சு. முதல்ல இருந்து எடுக்கல. அந்தச் செருப்பு வர்ற இடத்துல இருந்து இன்னொரு தடவை சொல்றீங்களா? கெணத்துப் பக்கம் கொஞ்சம் திரும்பி நின்னா முகத்துல விளக்கு வெளிச்சம் விழும்."

"உங்கப்பாவோட படம் இருந்தா காட்டுங்கம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. யாரோ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "கயிறு இந்த உருளையிலதான் கட்டினாங்களா?" என்று கேட்டார்கள். சோங்யாவின் முகத்தில் இருந்த கலவரம் வடிந்து, அந்த இடத்தில் வேறொன்று வருவதை லியென்சூ பார்த்தாள். அவன் ஒலிபெருக்கியை மறுபடி உயர்த்தினான்.

"அன்பானவங்களே, இவங்க என் கூடப்பிறந்த தங்கச்சி. இந்த வீட்டோட இன்னொரு சோகத்த இப்ப முதல் தடவையா..."

அவ்வளவுதான். அவள் வயிறு அடியிலிருந்து திரண்டு எழும்பியது. ரோஜா நிறச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எள்ளுருண்டைகளும் கஞ்சியும் கறுப்பாக, சத்தத்தோடு, அண்ணனின் மேடைமேலும் தரையிலும் கொட்டின. ஒருமுறை நின்றது. மறுபடி வந்தது. முன்வரிசைப் பெண் வீலென்று கத்திப் பின்னால் பாய்ந்தாள்.

"ஐயே! என் ஷூ! என் ஷூமேல!"

"சீ, என்ன நாத்தம்! வாங்க போகலாம்."

"புள்ளையத் தூக்குடி, மிதிக்கப் போகுது!"

போங்சீயின் கதைக்கு அசையாத கூட்டம் இதற்கு அசைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எல்லோரும் வாசலை நோக்கி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் முற்றம் காலி. விளக்குகள் மட்டும் ஆடின.

பெங் அம்மாள் போகவில்லை. லியென்சூவின் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். வாய் கொப்பளிக்க மேசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, அதன் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துச் சட்டென்று திரும்ப வைத்தாள். தன் கைப்பையிலிருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தியம்மா" என்றாள். குரலில் பரிவைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது. "நான் பாட்டுக்கு அழுதேன். செத்த பொண்ணு தலைக்கு மேல எங்க பையன் பேர எழுதிக் கட்டிட்டேன்." வளைவில் எட்டித் தன் விளக்கை அவிழ்த்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் கோயில்ல இருக்கேன். ஊதுவத்தி ஏத்தாம எனக்கு மனசு ஆறாது."

அவள் போன பிறகு சோங்யாவ் துடைப்பமும் வாளியுமாக வந்தான். அங்கியின் நுனியை இடுப்பில் செருகியிருந்தான்.

"இப்பத் திருப்தியா? திருவிழாக் கமிட்டிக்காரங்க நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க. நோட்டீஸ் எல்லாம் அடிச்சாச்சு."

"வாந்தியையும் சேர்த்து அடிக்கச் சொல்லு."

"யாருக்கு இதனால நஷ்டம்? சொல்லு. அவளுக்கு ஒரு நல்ல பேரு குடுத்தேன். ஜனங்க அவள நினைச்சு அழுவுறாங்க. உயிரோட இருந்தப்ப யாராச்சும் அழுதாங்களா?"

"அவள நினைச்சா அழுதாங்க?" லியென்சூ பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தாள். "இந்தத் தண்ணியக் குடிக்கக் குடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அட, அது லாரியில வர்ற தண்ணி. மேல காகிதம் மட்டும்தான் நம்மளுது." துடைத்துக்கொண்டே சொன்னான். "அந்தக் கெணத்துத் தண்ணிய மனுஷன் குடிப்பானா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. துடைப்பம் நின்றது. லியென்சூ அண்ணனையே பார்த்தாள். சலவை மூட்டைகளைப் பிரிக்கும்போது ஒருநாளும் வராத அருவருப்பு அவள் உடம்பெல்லாம் பரவியது. ஒன்றும் தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். அப்பா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குள் பத்திரமாக இருந்தது. அதன்மேல்தான் ரோஜாச் சாயம் பூசியிருந்தான்.

"இந்த வீட்டுல பாதி என்னது" என்றாள். "டீக்கடைக்குத்தான் சரின்னேன். கெணத்த மூடணும். நீ மூடலைன்னா நான் ஆள் கூட்டிட்டு வருவேன்."

"கெணத்த அப்படி லேசுல மூடக் கூடாதுடி. சாஸ்திரம் இருக்கு."

"அப்ப சாஸ்திரப்படி மூடு."

திருவிழா முடிந்த வாரத்தில் கல் பலகை வந்தது. பூசாரியும் வந்தார். அண்ணனும் முறைத்துக்கொண்டே வந்து நின்றான். வீட்டு ஆண் ஊதுவத்தி பிடிக்க வேண்டுமாம். பூசாரி மஞ்சள் காகிதத்தை விரித்துக்கொண்டு, "இறந்தவங்க குடும்பப் பேரு?" என்று கேட்டார். இருவருக்கும் தெரியவில்லை. அப்பாவும் சொன்னதில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

"எங்க வீட்டுப் பேரையே போட்டுடுங்க" என்றான் சோங்யாவ்.

"வேண்டாம்" என்றாள் லியென்சூ. "அந்தப் பேர அவமேல சுமத்தாதீங்க. போங்சீன்னு மட்டும் எழுதுங்க."

பலகை கிணற்றின்மேல் உட்கார்ந்தது. வளைவும் படமும் அண்ணனின் மூன்று சக்கர வண்டியில் ஏறிப் போயின. வெறும் முற்றமாகப் பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

யீஜென்னின் கல்யாணம் வசந்தத்தில் நடந்தது. பெங் அம்மாள் எல்லாவற்றையும் மறந்துவிட்டவள்போல நடந்துகொண்டாள். ஒருவேளை மறந்துவிட்டாளோ என்னவோ. அடுத்த வருடம் விளக்குத் திருவிழாவுக்குத் தன் தோழிகளோடு லூகாங் போய், அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். நாலு சந்து தள்ளி வேறு ஒரு வீட்டு முற்றம். அதே வளைவு, அதே வெள்ளை உடைப் பெண். நீல அங்கியில் சோங்யாவ் மேடையேறி நின்று, அதே இடத்தில் அதே மாதிரி குரலை உடைத்தான். சுற்றிலும் மூக்குறிஞ்சினார்கள்.

கீழே பெங் அம்மாள் எழுதியிருந்தாள்: 'கவலைப்படாதீங்க சம்பந்தியம்மா. நல்லா விசாரிச்சுட்டேன். இது சுத்தமான கிணறு. இதுல யாரும் விழுந்ததே இல்லையாம். பசங்க பேர்ல விளக்குக் கட்டிட்டேன்.'

மாலையில் அண்ணனே கூப்பிட்டான்.

"பாத்திருப்பியே. இப்ப உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே? நம்ம கெணறு இல்ல, நம்ம வீடும் இல்ல."

"அவ பேரு?" என்று கேட்டாள் லியென்சூ.

"நிலாத்தாமரைதான். ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. இனிமே எப்படி மாத்துறது?"

அவன் பின்னால் விளக்குகள் கத்துகிற பாட்டு கேட்டது. யாரோ கிணற்று நீர் எவ்வளவு என்று விசாரித்தார்கள். "ஒரு நிமிஷம்மா" என்று அவன் அவர்களிடம் திரும்பினான். அவன் மறுபடி பேச வருவதற்குள் லியென்சூ போனை வைத்துவிட்டாள்.